காருக்குள்ள சைக்கிள் ஏறுமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்பச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் தரப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கலாம். குடும்பத்துக்கு ஒரு கார் வாங்கணும், அதுக்குள்ள சைக்கிளும் ஏறணும். கூரை மேல கட்டுறது கிடையாது, பின்னாடி தொங்கவிடுறது கிடையாது. உள்ளேயே வரணும். எந்தக் கார் வாங்கலாம்?

இதெல்லாம் ஒரு எபிசோடுக்கு உண்டான விஷயமான்னு தோணலாம். ஆனா இதுக்காக நான் ஆறு மாசம் அலைந்திருக்கிறேன். ஓசூரில் இருக்கிற ஷோரூம்கள் பாதிக்கு மேல ஏறி இறங்கியாச்சு. ஒரு ஷோரூமில் என்னைப் பார்த்தாலே "சார், டேப் கொண்டு வந்திருக்கீங்களா"ன்னு கேட்கிற அளவுக்கு ஆயிடுச்சு. அந்த அனுபவத்தில் கத்துக்கிட்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு அலைச்சல் மிச்சம் ஆகட்டும்.

முதல்ல என் கணக்கு. நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி டிபார்ட்மெண்டில் இருக்கிறேன். அளவு எடுக்கிறதுதான் தொழில். வீட்டில் நான், மனைவி, ஏழாவது படிக்கிற பொண்ணு, மூணாவது படிக்கிற பையன். அப்பா எங்களோடதான் இருக்கார். சைக்கிள் மூணு: என்னுடையது 27.5 இன்ச், பொண்ணுடையது 24, பையனுடையது 20. இது போக அப்பாவுடைய பழைய 28 இன்ச் சைக்கிள் ஒண்ணு படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சைக்கிளை எதுக்குக் கார்ல ஏத்தணும்?

இது எங்க அப்பா கேட்ட கேள்வி. "சைக்கிள்னா ஏறி மிதிக்கிறதுக்குடா. அதை ஏன் கார்ல தூக்கி வைக்கிறே?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கு. அவர் 80-களில் ஓசூருக்கு வேலைக்கு வந்தவர். டிவிஎஸ், அசோக் லேலண்ட் எல்லாம் இங்க ஆரம்பித்த காலம் அது. மத்திகிரியிலிருந்து சிப்காட்டுக்கு எல்லா ஷிஃப்ட்டுக்கும் சைக்கிளில்தான் போவார். ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் ரோடு முழுக்க சைக்கிளாகத்தான் இருக்கும்னு சொல்வார்.

இப்போ அதே ரோட்டில் நின்று பாருங்க. கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, அத்திப்பள்ளி பக்கம் வேலைக்குப் போகிற பைக்குகள், ஜூஜூவாடி வரைக்கும் தேங்கி நிற்கிற வண்டிகள். சர்வீஸ் ரோட்டில் எதிர்ப்பக்கமா வருகிற ஆட்டோ. பெரியவங்களே யோசிக்கிற ரோடு. பன்னிரண்டு வயசுப் பொண்ணை எப்படி விடுறது? ஒரு வருஷமா அவள் சைக்கிள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் சுத்துறதோடு சரி. ஒரு நாள் அவளே சொன்னாள்: "அப்பா, இதை யாருக்காவது கொடுத்துடலாம். எனக்கு வேணாம்." அதைக் கேட்டுட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

ஆனா ஓசூரைத் தாண்டிவிட்டால் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். மார்ச் மாசத்தில்கூட காலை நேரம் குளிராக இருக்கும். தளிப் பக்கம் ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவில் போகிற ஊர்ச் சாலைகள், கெலவரப்பள்ளி அணைப் பக்கம், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம், தேன்கனிக்கோட்டை சுற்றுவட்டம். பெங்களூரிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்ட இந்தப் பக்கம் வருகிறார்கள். நமக்கு இருக்கிற பிரச்சினை வீட்டிலிருந்து அந்த நல்ல ரோடு வரைக்கும் இருக்கிற சில கிலோமீட்டர்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கு, யானை. பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியா யானைக் கூட்டம் வரும். ராகி அறுவடை சமயத்தில் சானமாவு காடு வரைக்கும் வந்துவிடும். ராயக்கோட்டை ரோடு அந்தக் காட்டுக்குள்ளதான் போகுது. அந்த மாசங்களில் விடிகாலை இருட்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்புவது புத்திசாலித்தனம் இல்லை. காரில் போய், வெளிச்சம் வந்த பிறகு, ஊர்க்காரங்களிடம் விசாரித்துவிட்டு, ஊரை ஒட்டின ரோட்டில் ஓட்டுவதுதான் சரி.

அதனால்தான் கார்ல சைக்கிள்.

வெளியே ஏன் கட்டக்கூடாது?

கட்டலாம், நிறைய பேர் கட்டுகிறார்கள். நல்ல கேரியர், சரியாகக் கட்டத் தெரிந்த ஆள் இருந்தால் தப்பில்லை. நான் ஏன் விட்டேன்னு சொல்கிறேன்.

நண்பர் ஒருத்தரிடம் டிக்கிக் கதவில் மாட்டுகிற கேரியர் கடன் வாங்கினேன். அப்போ எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஹேட்ச்பேக். என் சைக்கிளும் பொண்ணு சைக்கிளும் பின்னாடி. என்.எச். 44-ல் கே.ஆர்.பி. அணைக்குப் போய்க்கொண்டிருந்தோம். சூளகிரியைத் தாண்டினதும் பொண்ணு பின்னாடி திரும்பிப் பார்த்துட்டு, "அப்பா, என் சைக்கிள் ஆடுது"ன்னா. நான் ஓரம் கட்டுவதற்குள் அவள் சைக்கிள் ரோட்டில் விழுந்துவிட்டது.

பின்னாடி வந்த லாரி டிரைவர் வளைத்து ஒதுக்கிவிட்டார். அவர் புண்ணியத்தில் ஒண்ணும் ஆகல. லாரி இருந்த இடத்தில் ஒரு பைக் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஸ்ட்ராப்பை இறுக்கினது நான்தான், தப்பு என்னுடையதுதான். கேரியரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "ஏங்க, உள்ளே வெச்சா வெச்சுக்கோங்க. இல்லாட்டி சைக்கிளே வேணாம்."

இன்னும் சில நடைமுறைக் காரணங்களும் உண்டு. பின்னாடி தொங்கும் சைக்கிள் நம்பர் பிளேட்டையும் டெயில் லைட்டையும் மறைக்கும். நம்பர் பிளேட் மறைந்தால் அபராதம் கட்டணும். இது மாநில எல்லை, வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். டீக்கடையில் நிறுத்தினாலும் ஒருத்தர் காவலுக்கு நிற்கணும். கூரை மேல கட்டினால், மேல சைக்கிள் இருப்பதை மறந்துட்டு அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டுக்குள் நுழைகிற ஆபத்தும் இருக்கு.

லிட்டர் கணக்கை நம்பாதீங்க

ஷோரூமில் முதலில் சொல்வது பூட் ஸ்பேஸ் லிட்டர் கணக்கு. "சார், 341 லிட்டர்", "சார், 550 லிட்டர்". அரிசி மூட்டைக்கு இது சரி. சைக்கிள் மடங்காது. 500 லிட்டர் இடம் இருந்தும் டிக்கி வாய் சின்னதாக இருந்தால் ஏறாது. செடான் கார்களில் இதுதான் கதை. டிக்கி பெரிசு, வாய் சின்னது.

நீங்கள் அளக்க வேண்டியது மூணு. ஒண்ணு, டிக்கிக் கதவு திறந்தபிறகு வாயின் உயரமும் அகலமும். கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை அளங்க. ரெண்டு, சீட்டை மடித்தபிறகு தரையின் நீளம். கம்பெனி காட்டலாக்கில் இது பெரும்பாலும் இருக்காது. முன் சீட்டை நீங்கள் உட்காருகிற நிலையில் வைத்துவிட்டு அளக்கணும். சேல்ஸ்மேன் முன் சீட்டை முழுசா முன்னாடி தள்ளிவிட்டுக் காட்டுவார், ஏமாறாதீங்க. மூணு, ரெண்டு பக்கச் சக்கர வளைவுக்கும் நடுவில் உள்ள அகலம். தரை அகலமாகத் தெரியும், ஆனா சக்கர வளைவு உள்ளே துருத்திக்கொண்டு இருக்கும்.

இதோடு கீழ் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம்னும் பாருங்க. 14 கிலோ சைக்கிளை இடுப்புக்கு மேல தூக்கிப் போடுறது ஞாயிற்றுக்கிழமை காலையில் சுலபம். 40 கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்பி வரும்போது தூக்கிப் பாருங்க, தெரியும்.

இனி சைக்கிளை அளங்க. பெரியவங்க ஓட்டுகிற சைக்கிள் முழு நீளம் சுமார் 170-லிருந்து 180 செ.மீ. முன் சக்கரத்தைக் கழட்டினால் அதில் 30, 40 செ.மீ. குறையும். எம்டிபி ஹேண்டில்பார் 70 செ.மீ.க்குக் கிட்ட வரும். ரோட் பைக் என்றால் 42, 44 தான். நிறைய பேர் நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டினேன்.

சக்கரம் எப்படிக் கழலுதுன்னும் பார்க்கணும். குவிக் ரிலீஸ் என்றால் லீவரைத் திருப்பினால் வந்துவிடும். நட்டு போட்டது என்றால் 15-ஆம் நம்பர் ஸ்பேனர் காரிலேயே இருக்கணும். பிள்ளைகளின் சைக்கிள்கள் பெரும்பாலும் நட்டுதான்.

நான் செய்த உபாயம் இது: பழைய அட்டைப் பெட்டிகளை ஒட்டி, முன் சக்கரம் இல்லாத என் சைக்கிள் அளவுக்கு ஒரு அட்டை உருவம் வெட்டினேன். மடித்து ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போய் விரித்து உள்ளே வைத்துப் பார்ப்பேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். டெமோ காரில் கிரீஸ் படியாது என்பதால் ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லல.

எந்த எந்தக் காரைப் பார்த்தேன்

வேகன்ஆர் மாதிரி உயரமான ஹேட்ச்பேக்கில், பின் சீட்டை மடித்தால் ஒரு பெரிய சைக்கிளும் ஒரு சின்ன சைக்கிளும் போகும். ரெண்டு பேருக்கு இது போதும். சிஎன்ஜி வாங்கினால் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துவிடும், அதை மறந்துடாதீங்க.

ஹோண்டா ஜாஸ் ஒரு அதிசயம். அதில் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். அதனால் பின் சீட்டின் உட்காரும் பலகையை சினிமா தியேட்டர் சீட்டு மாதிரி மேலே தூக்கிவிடலாம். பையன் சைக்கிளைப் பின் கதவு வழியா நின்ற மேனிக்கே ஏற்றலாம். ஆனா 2023-ல் இங்கே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். பழசு வாங்கினால் அந்த வேரியன்ட்டில் அந்த சீட்டு இருக்கான்னு தூக்கிப் பார்த்துட்டு வாங்குங்க, எல்லாத்திலும் கிடையாது.

மாருதி ஈகோ. இடம் என்று பார்த்தால் இதுக்கு மேல வேணாம். பக்கக் கதவு தள்ளித் திறக்கலாம், விலையும் குறைவு. எனக்கு ஆசைதான். மனைவி பார்த்துட்டு "ஸ்கூல் வேன் ஓட்டப் போறீங்களா"ன்னாள். அதைக்கூட சமாளித்திருப்பேன். ஆனா 2016-ல் குளோபல் என்கேப் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஈகோவுக்கு பூஜ்யம் ஸ்டார். அதுக்கப்புறம் ஏர்பேக் எல்லாம் வந்துவிட்டது. இருந்தாலும் என்.எச். 44-ல் லாரிகளுக்கு நடுவில் பிள்ளைகளோட போகிறோம் என்கிற பயம் எனக்கு விடல.

இன்னோவா கிறிஸ்டாவை ஒரு சொந்தக்காரர் வீட்டில் அளந்தேன். பெரிய வண்டி, ஆனா கடைசி வரிசை சீட்டு ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி மடிந்து நிற்கும், அகலம் குறைகிறது. விலையும் நம்ம கை மீறினது.

நான் பார்த்த எர்டிகாவின் நீளம் 4,395 மி.மீ. கடைசி வரிசையைத் தட்டையாக மடித்துப் போடலாம். சைக்கிள் ஏற்ற நான் பார்த்ததில் சௌகரியமானது இதுதான். பட்ஜெட் இருந்தால் இதைத்தான் எடுத்திருப்பேன். நல்ல செகண்ட் ஹேண்ட் தேடினேன். கிடைத்ததெல்லாம் டாக்சியாக ஓடினது, இல்லாட்டி சிஎன்ஜி.

ரெனோ டிரைபர் 2019-ல் வந்தது. நாலு மீட்டருக்குள்ள அடங்குகிற வண்டி. இதில் கடைசி வரிசை சீட்டுகளைக் கழட்டி வீட்டிலேயே வைத்துவிடலாம். அப்போ 625 லிட்டர் இடம். ஏழு சீட்டும் இருந்தால் 84 லிட்டர்தான், ரெண்டு ஸ்கூல் பேக்குக்கு மேல வைக்க முடியாது. நடு வரிசை 60:40 ஆக மடியும். 2021-ல் குளோபல் என்கேப் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 ஸ்டார் கொடுத்தது. குறையும் சொல்லணும். ஒரு லிட்டர் எஞ்சின், 72 குதிரைத்திறன். அஞ்செட்டிப் பக்கம் மலை ரோட்டில் ஆள் நிறைய ஏறினால் கியர் குறைத்து, பொறுமையா ஏறணும்.

ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணினேன்

ஒரு கட்டத்தில் நாலு பேர், மூணு சைக்கிள், எல்லாம் உள்ளே வேணும்னு பிடிவாதமா நின்றேன். நம்ம பட்ஜெட்டில் அப்படி ஒரு கார் இல்லை. கடன் அதிகமா போட்டு பெரிய வண்டி எடுக்கலாமான்னு கணக்குப் போட்டேன். மாசத் தவணை பையன் ஸ்கூல் ஃபீஸைத் தாண்டியது.

அப்போதான் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்: "வருஷத்துல எத்தனை நாள் நாலு பேரும் சேர்ந்து போறோம்?"

காலண்டரை எடுத்து எண்ணினோம். எனக்கு ஷிஃப்ட் மாறும். அவளுக்கு ஞாயிறு பாதி நாள் வேலை. கல்யாணம், காதுகுத்து, பரீட்சை எல்லாம் போக, நாலு பேரும் சேர்ந்து கிளம்புகிற ஞாயிறு மாசத்துக்கு ஒண்ணு வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் நானும் பொண்ணும், இல்லாட்டி நானும் பிள்ளைகள் ரெண்டு பேரும்.

அதோட தேடுதல் சுலபமாயிடுச்சு. செகண்ட் ஹேண்ட் டிரைபர் ஒண்ணு எடுத்தோம். நானும் பொண்ணும் போகிற நாள், ரெண்டு சைக்கிளும் முன் சக்கரம் கழட்டி தாராளமா போகும். பையனும் வந்தால், நடு வரிசையில் 60 பக்கத்தை மடித்துவிட்டு 40 பக்கத்தில் அவன் உட்காருவான், மூணு சைக்கிளையும் அடுக்கிவிடலாம். நாலு பேரும் போகிற நாளில் பிள்ளைகள் சைக்கிள் ரெண்டு மட்டும் ஏறும். என் சைக்கிள் வீட்டில் இருக்கும், நானும் மனைவியும் நடப்போம். அதுவும் நல்லாத்தான் இருக்கு.

கழட்டின சீட்டு எங்கேன்னு கேட்பீங்க. ஒண்ணு ஹாலில் இருக்கு, பையன் அதில் உட்கார்ந்து டிவி பார்க்கிறான். ஊரிலிருந்து சொந்தக்காரங்க வந்தால் மாட்டுவோம்.

பெங்களூரில் கே.ஏ. நம்பர் வண்டி மலிவா வருதேன்னு நம்ம ஊரில் நிறைய பேர் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். வாங்குங்க, ஆனா முழுக் கணக்கும் போடுங்க. வேற மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாசத்துக்கு மேல வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அங்கிருந்து என்ஓசி வாங்கணும், இங்கே வண்டி வயசுக்கு ஏற்ற வரி கட்டணும், அங்கே கட்டின வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கணும். இந்த அலைச்சலையும் விலையில் சேர்த்துப் பாருங்க. நான் டி.என். 70 வண்டியே எடுத்துட்டேன்.

உள்ளே வைத்தால் மட்டும் போதாது

இதைக் கவனமா கேளுங்க. வெளியே விழுகிற ஆபத்து போனது, உள்ளே அடிக்கிற ஆபத்து வந்தது. 80 கி.மீ. வேகத்தில் போகிற கார் மோதி நின்றால், கட்டாத சைக்கிள் அதே 80 வேகத்தில் முன்னாடி வரும். 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டாவது மாடியிலிருந்து, சைக்கிளைத் தலையில் போடுகிற மாதிரி. பக்கத்து சீட்டில் உங்க பையன் இருக்கான்.

அதனால் சைக்கிளைக் கட்டணும், அதுவும் ரெண்டு இடத்தில். சட்டத்தை ஒரு பக்கம், பின் சக்கரத்தை இன்னொரு பக்கம். டிக்கியில் கொக்கி இருந்தால் அதில். இல்லாட்டி சீட்டின் இரும்புக் காலில். ரப்பர் கயிறு போதாது, அது இழுபடும். பக்கிள் வைத்த நாடா வாங்குங்க. கழட்டின சக்கரத்தையும் பம்பையும் ஸ்பேனரையும் சும்மா போடாதீங்க.

சைக்கிளைப் படுக்க வைத்தால் செயின் பக்கம் மேலே இருக்கட்டும். கியர் மாற்றுகிற பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கு, அடியில் போனால் வளைந்துவிடும். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் கழட்டினதும் பேட் நடுவில் ஒரு அட்டைத் துண்டு செருகிவிடுங்க. தெரியாமல் பிரேக்கை அழுத்தினால் பேட் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் திரும்ப நுழையாது. கீழே பழைய போர்வை விரித்தால் மனைவியிடம் திட்டு வாங்காமல் தப்பிக்கலாம்.

அப்பாவுடைய சைக்கிள்

கடைசியா, படிக்கட்டுக்குக் கீழே நின்ற அந்த 28 இன்ச். அட்டை உருவமெல்லாம் என் சைக்கிளுக்குத்தான் வெட்டினேன், இது என் கணக்கிலேயே இல்லை. வண்டி வந்த மூணாவது வாரம் அப்பா மெதுவா கேட்டார்: "அது ஏறுமாடா?"

அளந்தேன். 190 செ.மீ.க்குக் கிட்ட வந்தது. கம்பி பிரேக், செயின் கவர், மட்கார்டு. சக்கரத்தைக் கழட்டுவது அரை நாள் வேலை. நடு வரிசை முழுசையும் மடித்து, குறுக்கா சாய்த்துப் படுக்க வைத்தேன். முன் சக்கரம் ரெண்டு முன் சீட்டுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தது. நாலு நாடா போட்டு இறுக்கினேன். இனி ரெண்டு பேருக்குத்தான் இடம். அந்த ஞாயிறு அப்பாவும் நானும் மட்டும் போனோம். எனக்கு சைக்கிள் இல்லை.

கே.ஆர்.பி. அணைப் பக்கம் இறக்கிக் கொடுத்தேன். முதல் நூறு அடி தள்ளிக்கொண்டே போனார். அப்புறம் பெடலில் ஒரு காலை வைத்து, ரெண்டு எத்து எத்தி ஏறிட்டார். எழுபது வயசைத் தாண்டினவர். போய்த் திரும்பி வந்து வண்டியை நிறுத்திட்டு, செயினுக்கு எண்ணெய் விடணும்னார். வேற ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் பொண்ணுடைய முறைன்னு வீட்டில் காலண்டரில் எழுதி வெச்சிருக்காங்க.

கார் வாங்கப் போகிறவங்க ஷோரூமுக்குப் போகிறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க, அப்புறம் டேப்பை எடுங்க. உங்க சைக்கிள் எந்தக் காரில் ஏறுச்சு, எதில் ஏறலன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.